முந்நூறு சிடி கொள்ளும் பழைய சேஞ்சரை வாங்கலாமா?

திருச்சியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். ஓய்வுபெற்ற ஆசிரியை. பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். கடிதத்தின் சாரம் இது:

"என் கணவர் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சர்க்கரை நோயால் இரண்டு கண்களிலும் பார்வை மங்கிவிட்டது. எங்களிடம் 260 சிடிகள் இருக்கின்றன. கச்சேரிகள், பழைய சினிமாப் பாட்டு, உபன்யாசம். என் மாமனார் பாடி கேசட்டில் இருந்தவற்றை 2005 வாக்கில் ஸ்டுடியோவில் கொடுத்து மாற்றிய 12 சிடிகளும் உண்டு. எங்கள் பழைய பிளேயர் நின்றுவிட்டது. அமெரிக்காவிலிருந்து திரும்பிய ஒரு குடும்பம், 300 சிடியை உள்ளே வைத்துத் தானாகவே மாற்றிப் பாடும் சோனி சேஞ்சரை 18,000 ரூபாய்க்குத் தருகிறார்கள். 120 வோல்ட் செட், ரிமோட் தொலைந்துவிட்டது. ‘கன்வெர்ட்டர் பிளக் போட்டால் போதும்’ என்கிறார்கள். எல்லா சிடியையும் ஒரே தடவை அடுக்கிவிட்டால் அப்புறம் தொடவே வேண்டாம் அல்லவா? டிவியின் ஆப்டிகல் பாயின்ட்டில் இணைத்துக்கொள்ளலாம் என்றிருக்கிறேன். இன்னொன்று, சென்னையில் ஒருவர் ஐந்து சிடி போடும் செட்டை 9,000 ரூபாய்க்கு விளம்பரம் செய்திருக்கிறார். பாதிப் பணத்தை முன்கூட்டியே யூபிஐயில் அனுப்பினால் கூரியரில் போடுவாராம். மகனோ, ‘எல்லாத்தையும் பென் டிரைவில் ஏத்திட்டு சிடியை பழைய பேப்பர்காரர்கிட்ட போட்டுடுங்க’ என்கிறான். லென்ஸ் கிளீனர் சிடி ஒன்றும் வாங்கி வைத்திருக்கிறேன். மாதம் ஒரு முறை போட்டால் செட் நன்றாக இருக்கும்தானே?"

அன்புள்ள சகோதரி,

ஆடியோ செட் சர்வீஸ் செய்கிறவன் என்ற முறையில் நேரடியாகவே சொல்லிவிடுகிறேன். உங்கள் வீட்டுக்கு அந்த 300 சிடி சேஞ்சர் வேண்டாம். செட் மட்டமானது என்று சொல்லவில்லை. சோனியின் அந்த வரிசை தொண்ணூறுகளிலும் 2000-களின் தொடக்கத்திலும் நன்றாக ஓடிய சரக்கு. 300 கொள்ளும் சிஎக்ஸ்355, 400 கொள்ளும் சிஎக்ஸ்455 இரண்டையும் இன்றும் ஆசையாக வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அது யாருக்கான செட் என்று பார்க்க வேண்டும். சாருடைய தேவை வேறு.

‘ஒரே தடவை அடுக்கிவிட்டால் அப்புறம் தொட வேண்டாம்’ என்று எழுதியிருக்கிறீர்கள். வாங்குகிற பலரும் இப்படித்தான் நினைத்து வாங்குகிறார்கள். அந்த சேஞ்சருக்குள் ஒரு பெரிய வட்டத் தட்டு படுத்த வாக்கில் இருக்கும். அதன் பள்ளங்களில் சிடிகள் உறையில்லாமல் நின்றபடி இருக்கும். 147-ஆம் சிடி என்று கேட்டால் தட்டு சுழன்று அந்தப் பள்ளத்தை லென்ஸ் இருக்கும் இடத்துக்குக் கொண்டுவரும், ஒரு கை அந்த சிடியைத் தள்ளி உள்ளே ஏற்றும். மோட்டார், பற்சக்கரம், ரப்பர் பெல்ட், எந்தப் பள்ளம் என்று எண்ணும் சென்சார், இவ்வளவும் ஒத்துழைத்தால்தான் ஒரு பாட்டு. இருபது வருஷத்துக்கு மேல் ஆன ரப்பர் திருச்சி வெயிலில் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். ஒரே பள்ளத்தில் தவறி இரண்டு சிடி விழுந்தாலும் சிக்கும். சிக்கினால் உங்கள் 260 சிடியும் உள்ளே மாட்டிக்கொள்ளும். மேல் மூடியைக் கழற்றித்தான் எடுக்க வேண்டும். அடுக்கியதோடு செட்டை இடம் மாற்றினாலோ, சிடிகள் பள்ளத்தை விட்டுக் கழன்று உள்ளேயே உருளும். அதனால் சர்வீஸுக்கு எடுத்துப் போகும் ஒவ்வொரு முறையும் அத்தனையையும் வெளியே எடுத்து, திரும்ப அதே எண் வரிசையில் வைக்க வேண்டும். சிடி பாதுகாக்கும் அலமாரி என்று அதை நினைக்கவே கூடாது.

சாரின் பார்வை இன்னொரு சிக்கல். 300 சிடி செட்டில் எந்த எண்ணில் எது என்று தெரிந்தால்தான் கேட்க முடியும். முன்பக்கக் குமிழைத் திருப்பித் திருப்பி, சின்னத் திரையில் ஓடும் எண்ணைப் படித்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். எண்ணை நேராக அழுத்த ரிமோட் இருந்தால் ஓரளவு சமாளிக்கலாம், அதுவும் தொலைந்துவிட்டது என்கிறீர்கள். சில மாடல்களில் பழைய கம்ப்யூட்டர் கீபோர்டைச் சொருகி ஒவ்வொரு சிடிக்கும் பெயர் அடித்து வைக்கலாம். ஆனால் அதையும் கண்ணால்தானே படிக்க வேண்டும்? கடைசியில் ஒவ்வொரு தடவையும் அவர் உங்களைக் கூப்பிட வேண்டியிருக்கும், இல்லாவிட்டால் ஷஃபிள் போட்டு வந்ததைக் கேட்க வேண்டியிருக்கும். கச்சேரி கேட்கிறவருக்கு ஷஃபிள் பெரிய கொடுமை. வர்ணத்துக்குப் பின்னால் வேறொருவர் மங்களம் பாடிக்கொண்டிருப்பார்.

ஐந்து சிடி செட்டைப் பாருங்கள். ட்ரேயை இழுத்தால் ஐந்து வட்டக் குழிகள். முன்பக்கத்தில் பெரும்பாலும் ஐந்து பட்டன்கள் வரிசையாக இருக்கும். நடுப் பட்டன் மேல் ஒரு ஸ்டிக்கர் பொட்டை ஒட்டிவிடுங்கள், கொஞ்சம் மேடாக இருக்கும் கல் பொட்டாகப் பார்த்து. விரல் அதில் பட்டதும் அதுதான் மூன்று, இடப்பக்கம் இரண்டும் ஒன்றும், வலப்பக்கம் நான்கும் ஐந்தும் என்று இரண்டே நாளில் அவருக்குப் பழகிவிடும். காலையில் நீங்கள் ஐந்து சிடியைப் போட்டு, எது எங்கே என்று சொல்லிவிட்டால் போதும். ஒரு சிடி அதிகபட்சம் 74 முதல் 80 நிமிஷம் ஓடும். ஐந்தும் முழு நீள சிடியாக இருந்தால் ஆறு மணி நேரத்துக்கு மேல். சோனியின் சிஇ வரிசை, யமஹாவின் சிடிசி வரிசை போன்ற பல செட்டுகளில் ஒரு சிடி ஓடிக்கொண்டிருக்கும்போதே மற்றவற்றை மாற்றலாம். ஆன்க்யோவில் ஆறு சிடி மாடலும் வந்தது. பழுதானாலும் ட்ரேயில் இருக்கும் ஐந்தோடு போயிற்று, மற்ற 255 உங்கள் அலமாரியில் பத்திரமாக இருக்கும்.

நீங்கள் யோசிக்காத இன்னொரு வழியும் உண்டு. தொண்ணூறுகளில் சிங்கப்பூரிலிருந்தும் வளைகுடாவிலிருந்தும் கொண்டுவந்த மூன்று சிடி மினி சிஸ்டம்கள், ஐவா, சோனி, பிலிப்ஸ் என்று பல வீடுகளில் துணி போர்த்திக் கிடக்கின்றன. ஆம்ப்ளிஃபையர், ஸ்பீக்கர், ரேடியோ எல்லாம் சேர்ந்தே இருக்கும். சொந்தக்காரர்களிடம் கேட்டுப் பாருங்கள், சும்மாவே கிடைக்கலாம். பல செட்டுகளின் பின்பக்கத்தில் வோல்டேஜ் மாற்றும் ஒரு சின்னத் திருகு இருக்கும். பிளக்கைச் சொருகும் முன்னால் அது 220 அல்லது 230-240-இல் நிற்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

‘கன்வெர்ட்டர் பிளக்’ என்பது வோல்டேஜை மாற்றாது

இதில் தவறினால் செட் அன்றைக்கே போய்விடும். கடையில் கன்வெர்ட்டர் பிளக் என்று கேட்டால் கொடுப்பது பெரும்பாலும் அமெரிக்கத் தட்டைப் பின்னை நம்ம ஊர் சாக்கெட்டில் பொருத்துகிற வெறும் அடாப்டர். பின்னின் வடிவம்தான் மாறும், 230 வோல்ட் அப்படியே உள்ளே போகும். 120 வோல்ட் செட்டுக்குள் அது போனால் உள்ளே இருக்கும் ட்ரான்ஸ்ஃபார்மரின் முதல் சுருள் கருகும். ஃப்யூஸ் முந்திக்கொண்டால் அதிர்ஷ்டம்.

தேவையானது 230-இலிருந்து 110-க்கு இறக்கும் ஸ்டெப் டவுன் ட்ரான்ஸ்ஃபார்மர், கையில் எடுத்தால் கனமாக இருக்கும் இரும்பு வகை. சேஞ்சர் இழுக்கும் மின்சாரம் குறைவு, 100 விஏ திறன் உள்ளது தாராளம். ஹேர் டிரையருக்கு, அயர்ன் பாக்ஸுக்கு என்று விற்கும் எடையில்லாத எலக்ட்ரானிக் கன்வெர்ட்டரை ஆடியோ செட்டில் போடவே கூடாது. அமெரிக்காவில் 60 ஹெர்ட்ஸ், இங்கே 50 ஹெர்ட்ஸ் என்று யாராவது பயமுறுத்தினால் கண்டுகொள்ளாதீர்கள். சிடி சுழலும் வேகத்தை உள்ளே இருக்கும் கிரிஸ்டல்தான் தீர்மானிக்கிறது, சுவரிலிருந்து வரும் மின்சாரம் இல்லை. பாட்டு இழுத்துப் பாடாது.

சென்னை செட்டும் அமெரிக்க மாடலாக இருக்கலாம். பின்பக்கத் தகட்டைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அதில் எழுதியிருப்பதுதான் கணக்கு, விற்கிறவர் வாய் வார்த்தை இல்லை.

டிவி விஷயத்துக்கு வருவோம். சேஞ்சரில் ஆம்ப்ளிஃபையர் கிடையாது, தனியாக வைத்தால் சத்தமே வராது. டிவியின் பின்னால் இருக்கும் ஆப்டிகல் பாயின்ட் வழியாக டிவியின் சத்தம் வெளியே போகும், எதுவும் உள்ளே வராது. சேஞ்சரின் ஆப்டிகலும் வெளியே போவதுதான். இரண்டையும் இணைத்தால் இரண்டு வாயும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். ஆப்டிகல் உள்வாங்கும் சவுண்ட்பார் இருந்தால் அதில் நேராகப் போடலாம். இல்லையென்றால் சிவப்பு, வெள்ளை ஆர்சிஏ கேபிள் ஒன்றும், வெளி செட்டின் சத்தத்தை உள்வாங்கும் ஆக்ஸ் பாயின்ட் உள்ள ஹோம் தியேட்டரோ, உள்ளேயே ஆம்ப்ளிஃபையர் உள்ள பவர்டு ஸ்பீக்கரோ போதும். சாருக்கு ஸ்பீக்கர் பக்கத்திலேயே வால்யூம் குமிழ் இருப்பது வசதி.

வாங்கும் முன் செட்டை ஓட்டிப் பார்ப்பது

எந்த செட்டானாலும் நேரில் ஓட்டிப் பார்க்காமல் வாங்காதீர்கள். போகும்போது உங்கள் சிடியில் மூன்றை எடுத்துப் போங்கள்: நல்ல நிலையில் இருக்கும் கம்பெனி சிடி ஒன்று, 70 நிமிஷத்துக்கு மேல் ஓடும் ஒன்று, ஸ்டுடியோவில் எழுதிய சிடி ஒன்று. மாமனார் குரல் உள்ள சிடி வேண்டாம், தெரியாத செட்டில் அதைப் போட வேண்டிய அவசியமில்லை.

நீளமான சிடியில் முதலில் கடைசிப் பாட்டைப் போடுங்கள். சிடியை உள்ளிருந்து வெளிப்பக்கமாகத்தான் படிக்கும், கடைசிப் பாட்டு விளிம்பில் இருக்கும். லென்ஸ் நகரும் தண்டவாளத்தில் கிரீஸ் இறுகியிருந்தால் அங்கேதான் தடுமாறும். முதல் பாட்டு நன்றாகப் பாடிவிட்டது என்று பணத்தை எண்ணிக் கொடுத்தவர்கள் பலர் என்னிடம் வந்து நின்றிருக்கிறார்கள். ஸ்டுடியோவில் எழுதிய சிடியில் ஒளியைத் திருப்பும் அடுக்கு வேறு வகை, பலம் குறைந்த லென்ஸ் அதில்தான் முதலில் திணறும். போட்டதும் மொத்தப் பாட்டு எண்ணிக்கை சில நொடிகளில் திரையில் வர வேண்டும். சுற்றிச் சுற்றித் தேடிவிட்டு ‘நோ டிஸ்க்’ என்றால் வேண்டாம்.

ட்ரேயையும் கவனியுங்கள். திற பட்டனை அழுத்தியதும் உள்ளே மோட்டார் ‘விர்ர்’ என்று ஓடுகிறது, ட்ரே மட்டும் வரவில்லை, விரல் நுனியால் லேசாக இழுத்ததும் வந்துவிடுகிறது என்றால் பெல்ட் தொய்ந்துவிட்டது. இதற்குப் பயப்பட வேண்டாம். பெல்ட் சின்னச் செலவு. உருகிய ரப்பர் கருப்பு மெழுகாகக் கப்பியில் ஒட்டியிருக்கும், ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்துவிட்டுப் புதிதைப் போட வேண்டும், அவ்வளவுதான். பேரம் பேச இதையே பிடித்துக்கொள்ளுங்கள். ஆனால் ‘லென்ஸ்தான் கொஞ்சம் வீக், மாத்திக்கலாம்’ என்று சொன்னால் வேறு கதை. லென்ஸ் என்று நாங்கள் சொல்வது லேசரோடு சேர்ந்த முழு பிக்கப்பை, அதாவது சிடியைப் படிக்கும் பாகம் முழுவதையும். சோனியின் கேஎஸ்எஸ்-213 போன்றவற்றுக்கு ரிச்சி ஸ்ட்ரீட்டில் மாற்று கிடைக்கும். ஆனால் பல போலி, ஒன்று நன்றாக ஓடினால் இன்னொன்று ஓடாது. சிலர் உள்ளே இருக்கும் திருகைத் திருப்பி லேசருக்குக் கூடுதல் மின்சாரம் கொடுத்துச் சில நாள் பாட வைத்து விற்றுவிடுவார்கள். அதைக் கண்டுபிடிக்க எளிய வழி, ஒரு மணி நேரமாவது தொடர்ந்து ஓட விடுவது. செட் சூடான பிறகும் ஐந்து குழியிலும் மாறி மாறிப் படிக்கிறதா என்று பாருங்கள்.

எம்பி3 சிடிகள் இருந்தால் அதையும் கேட்டுக்கொள்ளுங்கள். அந்தக் காலத்து சேஞ்சர்கள் பலவும் சாதாரண ஆடியோ சிடியை மட்டும்தான் பாடும்.

முன்பணம் அனுப்பலாமா?

வேண்டாம். சென்னையில் சொந்தக்காரர் யாரையாவது நேரில் போய் மேலே சொன்னபடி பார்க்கச் சொல்லி, அங்கேயே பணம் கொடுக்கச் சொல்லுங்கள். பழைய சாமானை வீட்டிலிருந்து விற்கும் தனி மனிதர் வியாபாரி ஆக மாட்டார். பின்னால் பழுது என்று நுகர்வோர் ஆணையத்துக்குப் போவது கடினம். ஒரு கடையில் பில்லோடு வாங்கினால் நிலைமை வேறு. மாடல், சீரியல் எண், எத்தனை நாள் சர்வீஸ் உத்தரவாதம் என்பதைப் பில்லிலேயே எழுதி வாங்குங்கள். தகராறு வந்தால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் பேசலாம்.

இன்னொன்று. ‘பணத்தைத் திருப்பி அனுப்புகிறேன், பின் நம்பரை அடிங்க’ என்று யார் சொன்னாலும் போனை வைத்துவிடுங்கள். நமக்குப் பணம் வருவதற்கு யூபிஐ பின் தேவையே இல்லை. ஏமாந்துவிட்டால் உடனே சைபர் மோசடி உதவி எண்ணான 1930-க்குக் கூப்பிடுங்கள், தாமதிக்கத் தாமதிக்கப் பணம் கைமாறிக்கொண்டே இருக்கும்.

மகன் சொல்வது பாதி சரி

நகல் எடுப்பதை நான் முழுசாக ஆதரிக்கிறேன். சொல்லப்போனால் செட் வாங்குவதற்கு முன்னாலேயே செய்ய வேண்டிய வேலை அது. அந்த 12 சிடியில் தொடங்குங்கள், நாளைக்கே. கம்பெனி சிடியில் பாட்டு பிளாஸ்டிக்கில் பள்ளமாகவே அச்சாகியிருக்கும். ஸ்டுடியோவில் எழுதிய சிடியில் ஒரு சாய அடுக்கில்தான் இருக்கும். வெயிலும் சூடும் பட்டால் சாயம் வெளுக்கும், வெளுத்தால் அந்தக் குரலை எந்த செட்டாலும் மீட்க முடியாது. 2005-இல் எழுதியவை என்றால் காத்திருப்பதில் அர்த்தமில்லை. கேசட் இன்னும் வீட்டில் இருந்தால் அதையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

மகனை ஒரு யூஎஸ்பி டிவிடி ரைட்டர் வாங்கி வரச் சொல்லுங்கள். விண்டோஸ் கம்ப்யூட்டரில் எக்ஸாக்ட் ஆடியோ காப்பி என்ற இலவச மென்பொருள் கீறல் விழுந்த சிடியையும் திரும்பத் திரும்பப் படித்துச் சரிபார்க்கும். ஃப்ளாக் வடிவத்தில் எடுத்தால் தரம் குறையாது, ஒரு சிடி ஏறக்குறைய 300, 400 எம்பிக்குள் அடங்கும். 260 சிடியும் 128 ஜிபிக்குள் வந்துவிடும். ஆனால் பென் டிரைவ் ஒன்றை மட்டும் நம்பாதீர்கள், அது போகும்போது சொல்லிக்கொண்டு போகாது. வேறொரு ஹார்டு டிஸ்கிலும் ஒரு பிரதி இருக்கட்டும்.

சிடியைப் பழைய பேப்பர்காரரிடம் போடுவது மட்டும் கூடாது. பல சிறிய கம்பெனிகள் போட்ட கச்சேரிகளும் உபன்யாசங்களும் எந்த ஆப்பிலும் கிடைப்பதில்லை. காசு கொடுத்து வாங்கியதை வீட்டில் கேட்க நகல் எடுப்பதற்கும், எடுத்த நகலை வெளியே பரப்புவதற்கும் சட்டத்தில் வேறுபாடு உண்டு. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு சொந்த உபயோகத்துக்கான நியாயமான பயன்பாட்டுக்கு இடம் தருகிறது. ஆனால் நகலை வைத்துக்கொண்டு சிடியை விற்பதும், வாட்ஸ்அப் குழுக்களில் பரப்புவதும் சிக்கலுக்கு வழி. அதற்கு மேல் விளக்கம் வேண்டுமென்றால் வக்கீலைத்தான் கேட்க வேண்டும்.

பென் டிரைவ் இருந்தால் அப்புறம் சேஞ்சர் எதற்கு என்று மகன் கேட்பார். நூற்றுக்கணக்கான கோப்புகளில் வேண்டியதைத் தேட மறுபடி திரையும் கண்ணும் வேண்டும். சாருக்கு அது சரிப்படுமா என்று அவரிடமே கேளுங்கள். கடிதத்தில் எல்லோருடைய விருப்பமும் இருக்கிறது, அவர் என்ன சொன்னார் என்பது மட்டும் இல்லை.

கடைசியாக அந்த லென்ஸ் கிளீனர் சிடி. அதில் இருப்பது ஒரு குட்டி பிரஷ், மேலே படிந்த தூசியை லேசாகத் தட்டிவிடும், அவ்வளவே. பலம் குறைந்த லேசரை அது சரி செய்யாது. சிடியை நிமிர்த்திப் பிடிக்கும் சேஞ்சரில் பிரஷ் மாட்டிக்கொள்ளவும் வாய்ப்பு உண்டு. மாதம் ஒரு முறை என்பதெல்லாம் தேவையில்லாத வேலை. செட் திக்கும்போது முதலில் சிடியைத் துடையுங்கள். பழைய பருத்தித் துணியால் நடுவிலிருந்து விளிம்புக்கு நேர்கோட்டில் துடைக்க வேண்டும், தோசைக்கல் துடைப்பதுபோல் வட்டமாக இல்லை. குறுக்குக் கீறலை பிளேயரே கணக்குப் போட்டுச் சரிக்கட்டிவிடும். பாட்டு ஓடும் தடத்தோடு நீளும் கீறல் இரண்டரை மில்லிமீட்டரைத் தாண்டினால் திணறும். லேபிள் பக்கத்தையும் கவனியுங்கள், பாட்டு உள்ள அடுக்கு அந்த மையின் அடியில்தான் இருக்கிறது, அங்கே பட்ட கீறலைப் பாலிஷ் போட்டு எடுக்க முடியாது. துடைத்தும் ஜம்ப் ஆனால் அதே சிடியை வேறொரு பிளேயரில் போடுங்கள். அங்கேயும் அதே இடத்தில் ஜம்ப் ஆனால் கோளாறு சிடியில். இல்லையென்றால் செட்டை டெக்னீஷியனிடம் கொண்டுபோங்கள், சிடிகளை வெளியே எடுத்துவிட்டு.